ஜான் ஃபிளனகன்: மூன்று சுற்று, மூன்று தங்கம்

கேள்வி: சங்கிலிக் குண்டு எறிதலில் அமெரிக்காவுக்காக மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜான் ஃபிளனகன் அயர்லாந்துக்காரர்தானா?

பதில்: ஆமாம். 1868-ல் லிமரிக் கவுண்டியில் பிறந்தவர். 1896-ல் அமெரிக்கா போய், பிறகு நியூயார்க் நகரப் போலீசில் வேலை பார்த்தார். 1900 பாரிஸில் 49.73 மீட்டர், 1904 செயின்ட் லூயிஸில் 51.23, 1908 லண்டனில் 51.92. லண்டன் வெற்றிதான் கடினமானது. மாட் மெக்ரா 51.18 எறிந்து முன்னிலையில் இருந்தார். ஃபிளனகன் கடைசி வாய்ப்பில்தான் முந்தினார். மெக்ராவும் அயர்லாந்திலிருந்து வந்த நியூயார்க் போலீஸ்காரர். வெண்கலம் வாங்கிய கனடாவின் கான் வால்ஷும் அயர்லாந்தில் பிறந்தவரே.

கேள்வி: ஆள் பலசாலி என்பதால்தானே குண்டு அவ்வளவு தூரம் போயிற்று?

பதில்: பலம் மட்டும் போதாது. கம்பியின் நுனியில் இருக்கும் குண்டைக் கைப்பிடியால் பிடித்து, தரையில் குறித்த வட்டத்துக்குள் உடம்போடு சேர்ந்து சுழன்று எறிய வேண்டும். குண்டு, கம்பி, கைப்பிடி எல்லாம் சேர்த்து 7.26 கிலோதான். ஆனால் ஃபிளனகன் 1909-ல் நியூ ஹேவனில் எறிந்த 56.18 மீட்டருக்குக் கணக்குப் போட்டால், விடும் நொடியில் குண்டு விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் போயிருக்க வேண்டும். அப்போது கைகளை வெளியே இழுக்கும் விசை 200 கிலோ எடையைத் தாண்டும். அதைக் கையால் இழுத்துப் பிடிக்க முயன்றால் முழங்கை மடங்கும், சுற்றின் ஆரம் குறையும், வேகமும் போய்விடும். கை நீட்டியபடியே இருக்க, இடுப்பைத் தாழ்த்தி உடம்பைப் பின்னால் சாய்த்துத்தான் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும்.

வேகம் கூடுவது பெரும்பாலும் இரண்டு பாதமும் தரையில் இருக்கும்போதுதான். ஒவ்வொரு சுற்றிலும் வலது கால் எவ்வளவு சீக்கிரம் தரைக்கு வருகிறதோ அவ்வளவு லாபம். பலரும் சறுக்குவது இங்கேதான்: வலது கால் தாமதமானால் குண்டு உடம்பை முந்திவிடும், எறிபவர் அதன் பின்னால் இழுபட்டு வட்டத்துக்கு வெளியே போய்விடுவார். ஃபிளனகன் பெயர் பெற்றது மூன்று முறை சுழன்று எறியும் மூன்று சுற்று முறையில்; சுற்று கூடினால் வேகம் சேர்க்க ஒரு வாய்ப்பு கூடும், தடுமாறவும் ஒரு வாய்ப்பு கூடும். இடப்பக்கமாகச் சுழல்பவர் முன்னதாக விட்டால் குண்டு வலப்பக்கம் போகும், தாமதித்தால் இடப்பக்கம்.

நியூ ஹேவனில் அந்த உலக சாதனையைச் செய்தபோது அவருக்கு வயது 41. கால் வேலை கைவந்திருந்தால்தான் அந்த வயதில் இது நடக்கும்.

கேள்வி: பிறகு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டாரா?

பதில்: இல்லை. 1911-ல் ஊர் திரும்பினார்; 1938-ல் அங்கேயே காலமானார். அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் பாட் ஓ’கலகன் 1928 ஆம்ஸ்டர்டாமில் அயர்லாந்துக்கே தங்கம் வென்று கொடுத்தார். 1932 லாஸ் ஏஞ்சலஸில் வட்டத்தின் தரை கெட்டியாக இருந்தது. புல், களிமண் தரைக்கென்று அவர் ஷூவின் அடியில் வைத்திருந்த நீண்ட ஆணிகள் அதில் மாட்டி, காலைச் சுழல விடவில்லை. போட்டிக்கு நடுவிலேயே ஷூ ஆணிகளை அரத்தால் ராவிக் குறைத்துக்கொண்டு, கடைசி எறிதலில் 53.92 மீட்டர் எறிந்து மறுபடியும் தங்கம் வாங்கினார்.