டாக்டராக எவ்வளவு கணக்கு வேண்டும்?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில், பட்டப்படிப்புக்குப் பின் மருத்துவம் சேரத் தயாராகும் பிரீமெட் மாணவர்களுக்கு எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று வழி சொல்வது என் வேலை. நம் குடும்பங்களிடமிருந்து வரும் கேள்விகளில் உயிரியல் பற்றி ஒன்றுகூட இருக்காது. எல்லாம் கணக்கைப் பற்றித்தான். கொஞ்ச நாளாகச் சேர்ந்துகிடந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: மகள் பள்ளியிலேயே, கல்லூரி நிலைத் தேர்வான ஏபி கால்குலஸ் பிசியில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கிவிட்டாள். இனிமேல் கல்லூரியில் கணக்குப் பக்கமே போக வேண்டாம்தானே? (ஃபிரிமான்ட், கலிஃபோர்னியா)

ப: அந்தத் 'தானே'வை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு கதவு தாண்ட வேண்டும். முதலில், அவள் சேரும் கல்லூரி அந்த 5-க்கு கிரெடிட் கொடுத்து டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பதிய வேண்டும். அடுத்து, மருத்துவக் கல்லூரி அதை ஏற்க வேண்டும். சில கல்லூரிகள் அப்படியே ஏற்கும். சில, "ஏபி இருக்கட்டும், அதற்கு மேல்நிலையில் ஒரு பாடம் எடுத்துவிட்டு வா" என்று சொல்லும். எது எப்படி என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தளத்தில் கல்லூரிவாரியாகப் பார்க்கலாம். சந்தாக் கட்டணம் உண்டு. ஆயிரக்கணக்கில் கேட்கும் கன்சல்டன்டிடம் போவதற்கு முன் அதைக் கட்டுங்கள்.

இன்னொன்று: ஏபி கிரெடிட்டுக்கு ஏ, பி என்று கிரேடு கிடையாது. அதனால் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) ஏறாது. கல்லூரியில் ஒரு செமஸ்டர் புள்ளியியல் (ஸ்டாடிஸ்டிக்ஸ்) எடுத்து ஏ வாங்கட்டும். கணக்குத் தேவையும் அநேகமாகத் தீரும், ஜிபிஏவுக்கும் நல்லது.

கே: கால்குலஸா, ஸ்டாடிஸ்டிக்ஸா? ஒன்றுதான் எடுக்க இடம் இருக்கிறது. (இரண்டாம் ஆண்டு மாணவர், மிச்சிகன்)

ப: ஒன்றுதான் என்றால் புள்ளியியல்.

கால்குலஸ் எல்லா இடத்திலும் கட்டாயம் என்பது பழைய நினைப்பு. 2009-இல் ஏஏஎம்சியும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. இன்ன பாடம் படித்தாயா என்று கேட்பதை விட்டு, இன்னது செய்யத் தெரியுமா என்று கேளுங்கள் என்பதே அதன் சாரம். அதன்பின் பல கல்லூரிகள் பட்டியலைத் தளர்த்தின. ஸ்டான்ஃபோர்டில் கட்டாயப் பாடம் என்று எதுவும் இல்லை, பரிந்துரைதான். டெக்சாஸின் பொது மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை கேட்பது புள்ளியியல். அங்கே போய் கால்குலஸைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நெடுங்காலமாக ஓராண்டுக் கணக்கு கேட்டு வந்திருக்கிறது, கால்குலஸோ புள்ளியியலோ. இரண்டையும் எதிர்பார்க்கும் இடங்களும் உண்டு. ஆகவே முதலில் எங்கெங்கே விண்ணப்பிக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள், பாடத்தை அப்புறம் தேர்ந்தெடுங்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சேர்க்கையை விடுங்கள், வேலைக்கு வருவோம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடும். நோய் இல்லாத 990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும், அதாவது ஏறக்குறைய 50 பேர். இப்போது 'பாசிட்டிவ்' என்ற தாளோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 59 பேரில் 9 பேர், நூற்றுக்குப் பதினைந்துதான். தொண்ணூறு என்று சொல்லி அவரை அழவைத்து அனுப்பும் டாக்டர் கால்குலஸில் ஏ பிளஸ் வாங்கியிருந்து என்ன பயன்? கால்குலஸில் படித்த வகையிடலை வார்டில் போட்டுப் பார்த்த டாக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கே: பையன் பதினோராம் வகுப்பில் கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மென்டாக (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடமாக) கால்குலஸ் எடுத்தான். சி பிளஸ் வந்துவிட்டது. பள்ளியில் எடுத்ததுதானே, விண்ணப்பத்தில் காட்டாமல் விடலாமா? (ஒரு தாய், நார்த் கரோலினா)

ப: விடக் கூடாதும்மா. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில், பள்ளிப் பருவத்தில் எடுத்ததானாலும், கல்லூரிப் பாடம் என்றால் பதிய வேண்டும். அந்தக் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டையும் அனுப்ப வேண்டும். மறைத்தது தெரிந்தால் அது கணக்குப் பிரச்சினையாக இருக்காது, நேர்மைப் பிரச்சினையாகிவிடும். சி பிளஸ்ஸை மன்னிப்பார்கள், அதை மன்னிக்க மாட்டார்கள்.

உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஆம்காஸ் தனியாக ஓர் அறிவியல் ஜிபிஏ போடும். பிசிபிஎம் என்பார்கள். உங்கள் பையனின் சி பிளஸ் அதில் உட்காரும். மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும் பழையது அழியாது, இரண்டும் கணக்கில் சேரும். முன்பு, டிஓ பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆகோமாஸில் புதிய கிரேடு பழையதை மாற்றிவிடும். அந்தச் சலுகையும் 2017-இல் போய்விட்டது.

ஆனால் இதற்காகப் பையனைத் திட்ட வேண்டாம். பதினாறு வயதில் வாங்கிய ஒரு சி பிளஸ், அதன் பிறகு கல்லூரியில் வரிசையாக ஏ வந்தால், சின்ன மருவாகத்தான் தெரியும். அதே பாடத்தை மறுபடி எடுப்பதைவிடப் புள்ளியியலோ அடுத்த நிலைக் கால்குலஸோ எடுத்து நன்றாகச் செய்வது மேல். எடுக்கும் முன் அவன் சேரும் கல்லூரியின் ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பதாவதிலேயே பிரீ-கால்குலஸ் முடித்துவிட்டது என்று ஓடவிடுவதில் வரும் வினை இது. நான் பார்த்த சி கிரேடுகளில் பாதி, அறிவுக் குறைவால் வந்தவை அல்ல. இரண்டு வருடம் முன்னதாக வந்தவை.

கே: சைக்காலஜி துறையில் எடுத்த ஸ்டாடிஸ்டிக்ஸ் செல்லுமா? (ஒரு மாணவி, அட்லாண்டா)

ப: ஜிபிஏ கணக்கில் துறையின் பெயரைவிடப் பாடத்தின் உள்ளடக்கமே முக்கியம். புள்ளியியல், உயிர்ப்புள்ளியியல் இரண்டும் கணிதத்தில் சேரும். தேவையான பாடமாக ஏற்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சிலபஸை இணைத்து சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

கே: மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் கால்குலஸ் வருமா? கால்குலேட்டர் உண்டா? (நியூ ஜெர்சி)

ப: வராது. கிடையாது. இரண்டாவதுதான் பலரை வீழ்த்துகிறது.

ஏழரை மணி நேரம் தேர்வு மையத்தில் இருக்கப்போகிறீர்கள், எல்லாக் கணக்கும் கையால்தான். தேவைப்படுவது பள்ளிச் சரக்குதான்: அடுக்குக்குறிகள், மடக்கை (லாக்), கொஞ்சம் முக்கோணவியல், அலகு மாற்றம், தோராயம். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3 × 10⁻⁵ என்றால் பிஹெச் எவ்வளவு? 3-இன் மடக்கை அரைக்குக் கொஞ்சம் குறைவு என்று தெரிந்தால் 4.5 என்று சட்டென்று விழ வேண்டும். 4.52 என்று துல்லியமாகப் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த கேள்விக்கு நேரம் இருக்காது. விடைகளும் அவ்வளவு நெருக்கமாக இருப்பது அபூர்வம்.

வரைபடம், அட்டவணை, திட்டவிலக்கம், தொடர்பு வேறு காரணம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது, இவை நிறைய வரும். அங்கேயும் புள்ளியியல்தான் கை கொடுக்கும். ஊரில் தாத்தா வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னபோது ஓடி ஒளிந்தவர்கள் இப்போது வருந்தலாம்.

கே: எனக்குக் கணக்குதான் பிடிக்கும். மேத்ஸை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்தால் மருத்துவக் கல்லூரிகள் ஒதுக்குமா? அப்பா பயாலஜிதான் எடுக்கச் சொல்கிறார். (முதலாண்டு மாணவர், இல்லினாய்)

ப: அப்பாவிடம் ஏஏஎம்சி வருடாவருடம் வெளியிடும் அட்டவணையைக் காட்டுங்கள். கணிதம், புள்ளியியல் படித்து விண்ணப்பிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களின் சராசரி எம்கேட் மதிப்பெண் உயிரியல் படித்தவர்களுடையதைவிட மேலே இருக்கும். கணக்குப் படித்ததால் மதிப்பெண் ஏறியதா, மதிப்பெண் எடுக்கக்கூடியவர்கள் கணக்குக்குப் போகிறார்களா என்பது வேறு கேள்வி. மேத்ஸ் மேஜருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

கவனம் ஒன்று: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு தனியாக முடிக்க வேண்டியிருக்கும். முதலாண்டிலேயே தொடங்காவிட்டால் கடைசியில் மூச்சு முட்டும். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்தும் ஹெச்எஸ்டி என்ற மருத்துவப் படிப்புத் திட்டத்தைப் பாருங்கள். வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம் தெரிந்தவர்களைத் தேடும் இடம் அது.

கே: கோயம்புத்தூரில் பிஎஸ்சி பயோடெக் முடித்தேன், அதில் கணக்கும் படித்தேன். இப்போது கிரீன் கார்டு வந்திருக்கிறது. அந்தக் கணக்கு இங்கே செல்லுமா? (டல்லாஸ்)

ப: பெரும்பாலும் செல்லாது என்று வைத்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டுக் கல்லூரி மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை, ஜிபிஏவிலும் சேர்ப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ குறைந்தது ஓராண்டாவது படித்திருக்க வேண்டும், தேவையான அறிவியல் பாடங்களையும் இங்கேயே முடித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. புள்ளியியலையும் அந்தக் கூடையில் போடுங்கள். டல்லாஸில் இருப்பதால் டெக்சாஸ் கல்லூரிகளுக்கும் அது உதவும். படித்ததையே மறுபடி படிக்கும் எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்த ஏ கிரேடுகள்தான் இங்கே உங்கள் முகவரி.

கே: கனடாவில்? (ஸ்கார்பரோ)

ப: ஒன்டாரியோவில் மெக்மாஸ்டர் எந்த முன்பாடமும் கேட்பதில்லை, கணக்கு உட்பட. மற்ற கல்லூரிகளின் பட்டியலை ஆண்டுதோறும் பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

கே: திருநெல்வேலியில் அண்ணன் மகன் பதினொன்றாவது சேர்கிறான். நீட்தான் குறி. பயோ-மேத்ஸ் குரூப்பா, கணக்கில்லாத பியூர் சயின்ஸா? (சியாட்டில்)

ப: நீட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தான். எம்பிபிஎஸ் சேரக் கணக்கு தேவையில்லை. ஆனால் பயோ-மேத்ஸ் எடுத்தால் இன்ஜினியரிங் கதவும் திறந்தே இருக்கும், பிளஸ் டூ இயற்பியலில் வரும் தொகையிடலும் மிரட்டாது. கணக்கு அவனுக்குச் சுமை என்றால் பியூர் சயின்ஸ் எடுத்து அந்த நேரத்தை உயிரியலில் போடட்டும். சியாட்டிலில் இருந்து நாம் முடிவெடுக்க வேண்டாம், அவனுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.