எக்செல் கற்க யூடியூப் போதுமா, காசு கட்டிப் படிக்கணுமா?

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் கிடங்கு வேலை பார்க்கிறீர்கள், அலுவலகப் பக்கம் மாற எக்செல் தெரியவேண்டும், யூடியூப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் துவாஸில் ஒரு கிடங்கிலிருந்து அப்படித்தான் மாறினேன். யூடியூப் போதும். ஆனால் பார்ப்பது மட்டும் போதாது.

பூன் லேயில் ரயில் ஏறினால் துவாஸ் லிங்க் ஆறாவது நிறுத்தம். அந்தப் பயணத்தில் தினமும் ஒரு வீடியோ பார்ப்பேன். மூன்று மாதம் அப்படியே போனது, எல்லாமே புரிந்த மாதிரிதான் இருந்தது. ஒருநாள் சரக்கு இருப்புப் பட்டியலையும் டெலிவரி பட்டியலையும் பார்ட் நம்பரை வைத்து ஒத்துப்பார்க்கச் சொன்னார்கள். விலுக்அப் (ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் ஃபார்முலா) போட்டேன், பாதி வரிசைகளில் 'கிடைக்கவில்லை' என்கிற பிழைதான் வந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே எண்! ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கையாலேயே ஒத்துப்பார்த்தேன்.

அன்றிரவே ஒரு தமிழ் எக்செல் வீடியோவின் கீழே, என்ன போட்டேன், என்ன வந்தது என்று விவரமாகக் கேட்டேன். மறுநாள் காலை யாரோ முகம் தெரியாத ஒருவர் "லென் போட்டு எண்ணிப் பாருங்க அண்ணா" என்று பதில் எழுதியிருந்தார். லென் என்பது எழுத்துகளை எண்ணும் ஃபார்முலா, எட்டு எழுத்து நம்பருக்கு ஒன்பது என்று வந்தது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. தேவையில்லாத இடைவெளியை எடுக்கும் ட்ரிம் போட்டதும் பெரும்பாலானவை சரியாகிவிட்டன, மிச்சம் இருந்தவை வலைப்பக்கத்திலிருந்து காப்பி அடித்தவை, அந்த இடைவெளி வேறு வகை (எக்செல்லில் அதன் குறியீடு சார் 160), அதை ட்ரிம் எடுக்காது, சப்ஸ்டிட்யூட் போட்டு நீக்கவேண்டும். மூன்று மாத வீடியோவில் பாதி மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவே இல்லை.

அதனால் பத்து நிமிட வீடியோவுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு படி பார்த்ததும் நிறுத்திவிட்டு உங்கள் ஷீட்டில் செய்யுங்கள். எக்செல் இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸ் இலவசம், நான் சொன்ன ஃபார்முலாக்கள் எல்லாம் அதிலும் இருக்கின்றன. உங்கள் கிடங்குக் கணக்கு மாதிரியே ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கம்பெனியின் வாடிக்கையாளர் பெயர்களை வெளியே எடுத்துவராதீர்கள்.

சல்மான் கான் (நடிகர் இல்லை, கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளத்தைத் தொடங்கியவர்) 2004இல் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, பிறகு வீடியோ போட்டபோது, நேரில் சொல்வதைவிட வீடியோவே மேல் என்றார்களாம் உறவுக்காரப் பிள்ளைகள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அதுதான் காரணம். நம் ஆட்கள் வகுப்பில் ஆங்கிலம் வேகமாகப் போகும்போது புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். விளக்கத்தைத் தமிழிலேயே கேளுங்கள், ஃபார்முலா பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

அப்புறம், காசு விஷயம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (வகுப்புக் கட்டணத்துக்கு அரசு தரும் தொகை) 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான், வொர்க் பெர்மிட்டில் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்காது, வகுப்புக்கு முழுப் பணமும் கைக்காசுதான். முதலாளி சான்றிதழ் கேட்டால் மட்டும் யோசியுங்கள். இப்போதைக்கு சோர்ட் (வரிசைப்படுத்துவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் காட்டுவது), சம்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டுவது), விலுக்அப், பிவட் (பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுப்பது), இந்த வரிசையில் போங்கள். பிவட்டுக்கு வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், எனக்கே இரண்டு வாரம் பிடித்தது.