ஜெபித்தும் நிலைமை மாறவில்லை என்றால், கர்த்தர் உண்மையுள்ளவர் என்று எப்படி நம்புவது?

வேலை போய், ஜெபித்தும் வழி பிறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தில் புலம்பல் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற 23-ஆம் வசனத்தை மட்டும் எடுத்து வாழ்த்து அட்டையில் போட்டுவிடுகிறோம். அதற்குச் சற்று முன்னால், 8-ஆம் வசனத்தில் அதே மனுஷன், நான் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறான். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு எழுந்த புலம்பல் இது. ஆலயம் எரிந்துவிட்டது. குழந்தைகள் அப்பம் கேட்கிறார்கள், கொடுக்க ஆளில்லை. 23-ஆம் வசனத்தைச் சொன்னதும் நகரம் எழுந்து நிற்கவில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பத் தொடங்கவே ஏறக்குறைய 50 வருஷம் ஆனது.

ஆகவே, மனம் கசந்து அழுவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கசப்பையும் கர்த்தரிடமே கொட்டுவதுதான் விசுவாசம் என்பேன். அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்றுதான் வசனம் சொல்கிறது. அடுத்த மாத வாடகைக்கான தைரியத்தை இன்றைக்கே உங்களுக்குள் தேட வேண்டாம். இன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள். அப்புறம், சபையில் நம்பகமான ஒருவரிடம் வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். அரிசி வாங்கித் தருகிறேன் என்றால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.