வங்கதேசத்து மணிப்புரி நடனம் வெறும் நகல்தானா?

"மணிப்பூரை விட்டுப் போனவர்கள் வங்கதேசத்தில் ஆடும் மணிப்புரி நடனம் நகல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மணிப்பூர்த் தலைநகர் இம்பாலின் கலைஞர்களை மேடையில் பார்த்துவிட்டு, வங்கதேசத்தின் வடகிழக்கே உள்ள சில்ஹட் பக்கத்துக் காணொளி ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நகல் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

டாக்காவில் ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தபோது மாதவ்பூர் மகாராஸ் விழாவுக்குப் போனேன். ராஸ் என்பது கண்ணனும் கோபியரும் ஆடுவதாக அமைந்த மணிப்புரி நடனம். மௌலவிபஜார் மாவட்டம், கமல்கஞ்ச் பகுதி. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். 1819 முதல் 1826 வரை பர்மியப் படைகள் மணிப்பூரைச் சூறையாடியபோது தப்பி வந்த குடும்பங்கள் பல இந்தப் பக்கம்தான் வேரூன்றின. அங்கே ராஸ் 1842 முதல் நடந்துவருகிறது.

பகலில் சிறுவர்கள் கண்ணனாகவும் இடையர்களாகவும் ஆடினார்கள். கூட்டம் பத்தாசா என்ற சர்க்கரை மிட்டாயையும் பண நோட்டையும் அவர்கள்மேல் வீசியது. இரவில், வெள்ளைக் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி அலங்கரித்த மண்டபத்தில் கோபியர் வந்தார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த விறைப்பான பாவாடை, முகத்தில் மெல்லிய முக்காடு. காலில் சலங்கை கிடையாது. பாதம் தரையைத் தொடும் ஓசைகூடக் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி கைகூப்பி அழுதுகொண்டிருந்தார். அவருக்கு அது நிகழ்ச்சி அல்ல, வழிபாடு. விடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

இம்பாலைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ராஸுக்கு வடிவம் கொடுத்தவர் மணிப்பூர் மன்னர் பாக்யசந்திரர். தாய்வீடு மணிப்பூர்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 1919-இல் தாகூர் இந்த நடனத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தது இம்பாலில் அல்ல, சில்ஹட்டின் மச்சிம்பூரில். அதற்குப் பிறகுதான் திரிபுராவிலிருந்து நடன ஆசிரியர் புத்திமந்த சிங்கை வரவழைத்துச் சாந்திநிகேதனில் கற்பிக்க வைத்தார். புலம்பெயர்ந்தவர்களின் முற்றத்திலிருந்துதான் இக்கலை வெளியுலகுக்கு நடந்தது. அதை நகல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் நடன விழா ஒன்றில் மற்ற நடனங்களுக்கு முழு மாலையை ஒதுக்கிவிட்டு, மணிப்புரியை இடைவேளைக்கு முன்னால் செருகினார்கள். முகபாவம் போதவில்லை என்று அமைப்பாளர் ஒருவர் குறையும் சொன்னார். அடக்கமான முகமே அந்த நடனத்தின் இலக்கணம் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் விழா நடத்துகிறவர்களை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

நேரில் பார்க்க விரும்பினால் கார்த்திக பூர்ணிமாவுக்குப் போங்கள். நம் கணக்கில் அது சில ஆண்டுகளில் ஐப்பசிப் பௌர்ணமியாகவும் சில ஆண்டுகளில் கார்த்திகைப் பௌர்ணமியாகவும் வரும். இரவுக்கு மட்டும் போகாமல் பகலிலேயே போய்ச் சேருங்கள், சிறுவர்களின் ஆட்டத்தைத் தவறவிடக் கூடாது.