ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை: நிலக்கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள்

மூன்றாம் மைசூர்ப் போரை முடித்துவைத்த 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்கு நேர்ந்தது என்ன என்ற கேள்விக்கு, ‘பாதி நாடு போனது’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில்தானே இருக்கிறீர்கள்? ஒருமுறை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய், அந்தப் போரை நடத்திய ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலைப் பீடத்தைப் பாருங்கள். திப்புவின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள். அவர்களைச் சென்னையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்; 1794-இல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். எனக்கு அந்தப் பீடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

ஏன் பிணை? பணத்துக்காக. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு. பாதியை உடனே கட்ட வேண்டும், மீதி தவணையில். உங்கள் விடையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வருமானத்தில் பாதியைப் பறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பாதியிலிருந்தே தண்டம் கட்டச் சொன்னார்கள். அந்தச் சுமை கடைசியில் குடியானவன் தலையில்தான் விடிந்தது.

அப்புறம் நிலம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அதன் கூட்டாளிகளான ஹைதராபாத் நிஜாம், மராத்தியர் மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கம்பெனிக்கு மலபார், குடகு, திண்டுக்கல், பாரமகால். மலபார் கடற்கரையும் மலைக்கணவாய்களும் கைவிட்டுப் போனதால், 1799-இல் அடுத்த படையெடுப்பு வந்தபோது திப்புவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

பாரமகால் என்பது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும், குடியானவனிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது அங்கேதான். இதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள், பலரும் விட்டுவிடுகிறார்கள்.