போஸ் மாறுனா மேசையும் போயிடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு. வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ்ல ஒரு அமெரிக்கக் கம்பெனியில, பர்சேசிங் செக்‌ஷன். மூணு வருஷத்துக்கு முன்னாடி மோட்டார்ல வேலைக்குப் போறப்ப ஆக்சிடண்ட், இடுப்புலயும் இடது கால்லயும் ஆபரேஷன், இப்ப ஊன்றுகோல் வச்சுத்தான் நடக்கிறேன். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) கார்டு இருக்கு. பழைய மேனேஜர் ஏத்தி இறக்குற மேசை, வாசல்கிட்ட பார்க்கிங், வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்து வேலைன்னு எல்லாம் பார்த்துக் குடுத்தாரு, இப்ப அவரு போயிட்டாரு. புதுசா வந்தவரு, ட்ரம்ப் ஆர்டர் போட்டுட்டாரு, ஹெச்.கியூ.வுல (தலைமை ஆபீஸ்ல) இதெல்லாம் நிறுத்தியாச்சு, அடுத்த மாசத்துலேர்ந்து அஞ்சு நாளும் ஆபீஸ் வரணும்ங்கிறாரு. அங்க சட்டத்தையே எடுத்துட்டாங்களா? சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) வேலையெல்லாம் அலைஞ்சு முடிச்ச என் வீட்டுக்காரரே இப்ப சும்மா இரு, வேலை போயிடும்ங்கிறாரு. ரிசைன் பண்ணிடலாமான்னு இருக்கு. (பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: தங்கச்சி, ரிசைன் லெட்டர் டைப் பண்ணி வச்சிருந்தா மொதல்ல அதை அழிச்சிடு. உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன், படிக்கப் படிக்க மனசு ஆறல, ஏன்னா உன் மேனேஜர் சொன்ன ஒரு வாக்கியத்துல ரெண்டு தப்பு இருக்கு, அந்தத் தப்பை நம்பி நீ வேலையை விடப் பார்க்கிற.

அமெரிக்காவுல நடந்தது இதுதான். 2025 ஜனவரி 20, பதவி ஏத்த அன்னிக்கே ட்ரம்ப் கையெழுத்துப் போட்ட ஆர்டர்கள்ல 14151-ம் நம்பர் ஆர்டர், அரசாங்க இலாகாக்கள்ல எல்லாருக்கும் சம வாய்ப்பைப் பார்த்துக்கிட்டு இருந்த டி.இ.ஐ.ஏ. ஆபீசுங்களை மூடச் சொல்லிச்சு. அந்தக் கடைசி ஏ எழுத்து அக்சஸிபிலிட்டியை, அதாவது மாற்றுத்திறனாளிங்களும் பயன்படுத்துற வசதியைக் குறிக்குது, அதனாலதான் ஓகேயூக்காரங்களுக்கு இருந்த வசதியெல்லாம் போச்சுன்னு பேச்சு பரவிடுச்சு. மறுநாள் வந்த 14173, 1965-ல அதிபர் ஜான்சன் போட்ட 11246-ங்கிற ஆர்டரை ரத்து பண்ணிச்சு. அரசாங்கத்தோட காண்ட்ராக்ட் வச்சிருக்கிற கம்பெனிங்க இனம், மதம், ஆண் பெண்ணுன்னு பார்த்து ஒதுக்கக் கூடாதுன்னு சொன்ன ஆர்டர் அது, கிட்டத்தட்ட 60 வருஷம் நின்னது, ஒரே நாள்ல போயிடுச்சு. ஏன்னா அது ஒரு அதிபரோட கையெழுத்துல வந்தது, இன்னொரு அதிபரோட கையெழுத்துக்கு அதை எடுக்கிற அதிகாரம் இருக்கு.

ஆனா உன் மாதிரி உள்ளவங்களுக்கு மேசை, வேலை நேரம், இடம் மாத்திக் குடுக்கணும்ங்கிறது அங்க சட்டம். 1973 ரீஹேபிலிடேஷன் சட்டம், அப்புறம் 1990 ஜூலை 26 அன்னிக்கு மூத்த புஷ் கையெழுத்துப் போட்ட ஏ.டி.ஏ. (அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம்), ரெண்டும் காங்கிரஸ்ல நிறைவேறுனது. அதிபர் தனியா உட்கார்ந்து ஆர்டர் எழுதி அதை அழிக்க முடியாது. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற கம்பெனின்னா ஏ.டி.ஏ. பொருந்தும், முதலாளிக்குத் தாங்க முடியாத சுமைன்னு காட்டுனாலொழிய தட்ட முடியாது. அதுமட்டுமில்ல, 2025 பிப்ரவரியில அங்க அரசாங்க ஊழியர் நிர்வாகத்தைப் பார்க்கிற ஓ.பி.எம். அலுவலகமே, சட்டப்படி குடுக்கவேண்டிய மாற்றுத்திறனாளி வசதிகளை நிறுத்தக் கூடாதுன்னு இலாகாக்களுக்கு எழுதிச்சு. எல்லாரும் ஆபீசுக்குத் திரும்பி வாங்கன்னு உத்தரவு போட்டப்பவும் உடல்நிலை காரணமா விலக்கு உண்டுன்னு வச்சாங்க. அதனால ஹெச்.கியூ.வுல நிறுத்தியாச்சுன்னு யாராவது சொன்னா, எந்த லெட்டர்ல இருக்குன்னு கேளு.

அந்தச் சட்டமும் சும்மா வரல. 1973 சட்டத்துல 504-ம் பிரிவை நடைமுறைப்படுத்துற விதிகள்ல கையெழுத்துப் போடாம கிட்டத்தட்ட நாலு வருஷம் இழுத்தடிச்சாங்க, 1977 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோவுல நூத்துக்கும் மேல ஓகேயூக்காரங்க அரசாங்கக் கட்டடத்துக்குள்ள போயி உட்கார்ந்துட்டாங்க, வீல்சேர்காரங்க, கண்ணு தெரியாதவங்க, காது கேட்காதவங்க, மருந்து மாத்திரை சரியா இல்லாம தரையில படுத்துக்கிட்டு மூணு வாரத்துக்கு மேல. ஏப்ரல் 28 அன்னிக்குத்தான் மந்திரி கையெழுத்து போட்டாரு. இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும்.

சரி, ரெண்டாவது தப்புக்கு வர்றேன். நீ மலேசியப் பிரஜை, பினாங்குல வேலை செய்யிற. வெளிநாட்டுல இருக்கிற அமெரிக்கக் கம்பெனியில அமெரிக்கப் பிரஜைங்களுக்குத்தான் ஏ.டி.ஏ. பாதுகாப்பு. அதனால ட்ரம்ப் குடுத்தாலும் எடுத்தாலும் உனக்குச் சட்டப்படி ஒண்ணுமே மாறல. உன் கணக்கு இங்க புத்ராஜெயாவோட, அதாவது மலேசியச் சட்டத்தோடதான்.

அந்தக் கணக்கு பலமா இருக்கான்னு கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன், இல்ல. 2008-ல வந்த ஓகேயூ சட்டம், ஆக்டா (சட்ட எண்) 685, அதுல 29-ம் பிரிவு மத்தவங்களுக்குச் சமமா நியாயமான, பாதுகாப்பான வேலைச் சூழல் உனக்கு உண்டுன்னும் அதை முதலாளி காப்பாத்தணும்னும் சொல்லுது, ஆனா மீறுனா என்ன தண்டனைன்னு அந்தச் சட்டம் எழுதப்பட்டப்ப வைக்கல. நம்ம அரசியலமைப்புல 8-வது விதி மதம், இனம், பிறந்த இடம், ஆண் பெண்ணுன்னு பாகுபாடு கூடாதுங்குது, உடல் குறைபாடுங்கிற வார்த்தை அதுல இல்ல. இது எனக்கு ரொம்ப வருஷக் கோவம். ஆனா 2023 ஜனவரி 1-லேர்ந்து வேலைச் சட்டத்துல 60பி (60P), 60கியூ (60Q)ன்னு ரெண்டு பிரிவு சேர்த்திருக்காங்க, உனக்கு இப்ப கைகொடுக்கப் போறது அதுதான். வேலை நேரம், நாள், இடம், இதுல எதையாவது மாத்திக் குடுங்கன்னு எழுத்துல கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் குடுத்தாகணும், முடியாதுன்னா காரணத்தையும் எழுதணும். கேட்டது கிடைச்சுடும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா ஆபீஸ் ரூம்ல வாயால சொல்லிட்டுப் போற ஆளைக் காரணத்தைப் பேப்பர்ல எழுத வைக்கும்.

இதுல நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கிறதுக்கு எங்க அண்ணன்தான் காரணம். அவருக்குச் சின்ன வயசுலயே போலியோ, ஒரு கால் சூம்பிப் போச்சு. கோலாலம்பூர்ல ஒரு ஆபீஸ்ல கிராணி (கிளார்க்) வேலை, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்ப இருந்த பெரியவரு நல்ல மனுஷன், நீ ஏன்பா ஏறி இறங்குறன்னு கீழயே ஒரு மூலையில மேசை போட்டுக் குடுத்தாரு. ஒம்பது வருஷம். அவரு பென்ஷன்ல போனாரு, அடுத்து வந்தவரு, உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல், எங்க இருக்கு லெட்டர்னாரு. லெட்டர் இல்ல. அண்ணன் ஒரு வார்த்தை பேசாம மறுபடி மாடி ஏறுனாரு, எட்டு மாசம் ஏறுனாரு, அப்புறம் முட்டி வீங்கி வேலையை விட்டாரு. அந்த நல்ல மனுஷன் ஒரே ஒரு மெமோ எழுதி ஃபைல்ல வச்சிருந்தா அண்ணன் கையில காட்ட ஏதாவது இருந்திருக்கும்.

உன் பழைய மேனேஜர் குடுத்ததும் வாய் வார்த்தைதானா, இல்ல இமெயில் இருக்கா? வாட்சாப்ல 'ஓகே மா, யூ கேன்'னு ஒரு வரி இருந்தாலும் அதைத் தேடி எடு, தேதி தெரியிற மாதிரி பிரிண்ட் எடுத்து வீட்டுல வை. அவரு நம்பர் இருந்தா நடந்தது என்னன்னு ரெண்டு வரி எழுதிக் கேளு, நல்ல மனசுக்காரரு, மறுக்க மாட்டாருன்னு நினைக்கிறேன்.

அப்புறம் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரே லெட்டர். அதுல தயவு செஞ்சுங்கிற வார்த்தையும் வலியைப் பத்தின வர்ணனையும் ரொம்ப வேண்டாம், வேலையைப் பத்தி எழுது. இந்தத் தேதியிலேர்ந்து இந்த ஏற்பாடு இருக்கு, அந்த நாள்லேர்ந்து ஒரு ஆர்டர்கூட லேட் ஆகல, அந்த ரெண்டு நாளும் நான் செய்யிறது போன், இமெயில், சிஸ்டம் வேலை, எந்த சப்ளையரையும் நேர்ல பார்க்க வேண்டியதில்ல. இப்படி. இதெல்லாம் உன் விஷயத்துல உண்மையா இருந்தா மட்டும் எழுது. டாக்டர்கிட்ட வெறும் எம்.சி. (மெடிக்கல் லீவு சர்டிபிகேட்) வாங்காத, எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காரலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு நேரம் வண்டி ஓட்டலாம்னு எழுதித் தரச் சொல்லு, காலையில பினாங்குப் பாலத்துல நிக்கிற ஜாம்ல உன் இடுப்பு என்ன பாடுபடும்னு பாயான் லெப்பாஸ் பக்கத்துல குடியிருக்கிற மேனேஜருக்குத் தானாத் தெரியாது. கடைசி வரியில 60பி பேரைச் சொல்லி எழுத்துல பதில் வேணும்னு முடி.

வேலைக்குப் போற வழியில நடந்த ஆக்சிடண்ட் சொக்சோவுல வேலை விபத்துக் கணக்குல வரும், அதனால உன் ஃபைல் அங்க ஏற்கனவே இருக்கும். அவங்க 2007-லேர்ந்து ரிட்டர்ன் டு வொர்க்னு ஒரு திட்டம் நடத்துறாங்க, கேஸ் மேனேஜர் கம்பெனியோடயே பேசுவாரு, அவரைக் கூப்பிடு. மேசை செலவுன்னு முதலாளி முணுமுணுத்தா, ஓகேயூ ஊழியருக்கு வாங்குற உபகரணச் செலவை வருமான வரியில கழிக்கலாம், உன் சம்பளத்துக்கே இரட்டைக் கழிவு இருக்குன்னு ஹெச்.ஆருக்கு ஞாபகப்படுத்து.

பதிலே வரலன்னா, இல்ல உன்னை மட்டும் குறிவச்சு நெருக்குனா, ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (தொழிலாளர் இலாகாவுக்கு) போ. அதே வேலைச் சட்டத்துல 69எஃப் பிரிவு, வேலையிடப் பாகுபாட்டை விசாரிச்சு உத்தரவு போட அங்க டைரக்டர் ஜெனரலுக்கு அதிகாரம் குடுத்திருக்கு, அந்த உத்தரவை மீறுனா 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம். வேலையை விட்டே தூக்கிட்டாங்கன்னா 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகாவுல மனு போடணும், ஒரு நாள் தாண்டுனாலும் கதவு மூடிடும். நீயா ரிசைன் பண்ணிட்டா அந்த வழியில போறது ரொம்பக் கஷ்டம், அதனாலதான் மொத வரியிலயே அப்படிச் சொன்னேன்.

உன் வீட்டுக்காரரு பயப்படுறதை நான் தப்புன்னு சொல்லல, ஆஸ்பத்திரி வராந்தாவுல உன்னை அந்த நிலைமையில பார்த்தவரு அவரு, வீட்டுக் கடன் என்னான்னு அவருக்குத் தெரியும். சண்டை போடாத. இந்த ஞாயித்துக்கிழமை லெட்டர் எழுத உட்கார்றப்ப அவரையும் பக்கத்துல உட்கார வச்சுக்க. ஆக்சிடண்ட் தேதி, ஆபரேஷன் தேதி, சொக்சோ கேஸ் நம்பர் எல்லாம் அலைஞ்சு வாங்குனவரு அவருதானே, உன்னைவிட அவருக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்.