பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 2025 ஈஸ்டர் அன்று, ஏப்ரல் 20-ஆம் தேதி, ஒரு தீர்மானம் எடுத்தேன். ஜூன் 8 பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை தினமும் ஒரு படம் எடுத்து அதன் கீழே நான்கு வரி எழுதுவது என்று. 50 நாளும் விடாமல் எழுதிவிட்டேன். நடுவில் ஊருக்குப் போயிருந்ததால் மணப்பாடு, டோனாவூர், வேளாங்கண்ணி எல்லாம் அதில் வருகின்றன.

அலுவலகத் தோழிகளிடம் காட்டினேன். "படங்கள் நன்றாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏன் கடவுளை இழுக்கிறாய்? அதை எடுத்துவிட்டால் எல்லோரும் படிப்பார்கள்" என்றார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களோ, "வசனம் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே" என்றார். விசுவாசத்தை எழுத்தில் எந்த அளவுக்குக் கொண்டுவரலாம்? கைப்பேசியில் எடுத்த படங்கள் புத்தகத்துக்குப் போதுமா? சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பத்தைச் சேர்ந்த நான், கத்தோலிக்கத் தலமான வேளாங்கண்ணியின் படத்தைச் சேர்த்தால் தவறாக நினைப்பார்களா? ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டுமோ? எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

தங்கள் வாசகி


அன்புள்ள தங்கைக்கு,

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். கைப்பேசி போதும். வேளாங்கண்ணிப் படத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. எந்தப் படத்தைப் போட்டாலும் அவர் கோபிப்பார். ஆங்கிலத்தைப் பற்றி என்னிடம் கேட்பது கறிக்கடையில் கீரை விலை விசாரிப்பது.

உங்கள் கடிதம் வந்த வாரம் மர்பி டவுன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். அம்மா இறந்த பிறகு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சேலைகளுக்குக் கீழே, பால் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேறு வேலை ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் 50 படங்கள் வந்து சேர்ந்தன. இல்லாவிட்டால் இரண்டு வரி வாழ்த்து எழுதி அனுப்பியிருப்பேன். அகப்பட்டுக்கொண்டீர்கள்.

உங்களுக்குக் கண் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும். போப் பிரான்சிஸ் மறைந்த செய்தி வந்த ஈஸ்டர் மறுநாள் மாலை சிவாஜிநகர் பசிலிக்கா வாசலில் ஒரு படம் எடுத்திருக்கிறீர்கள். கோபுரம் அதில் இல்லை. சேலை கட்டிய ஆரோக்கிய மாதா இல்லை. மெழுகுவத்தி விற்கும் அம்மாளின் மடியும் மடியில் கிடக்கும் சில்லறையும் மட்டும். மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் மணல்மேட்டுத் திருச்சிலுவைக் கோயிலை, 1581-இல் கட்டியதாயிற்றே என்று, கீழே நின்று அண்ணாந்து எடுப்பார்கள். நீங்கள் மேலே நின்று கீழே வலை பின்னுகிறவரை எடுத்திருக்கிறீர்கள். மே மாதப் பெருமழைக்கு மறுநாள், ஸ்கூட்டர் இருக்கை முழுக்க ஒட்டிக் கிடக்கும் குல்மொஹர் இதழ்கள். நான் 30 வருடமாக அதைத் துடைத்துவிட்டு வண்டியை எடுக்கிறவன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இனி திட்டு.

50 குறிப்புகளில் 38 வசனத்தில் முடிகின்றன. எண்ணிப் பார்த்தேன். நான்காவது வரி வந்துவிட்டதா, குழம்புச் சட்டியின் மேல் தட்டைக் கவிழ்ப்பதுபோல ஒரு வசனத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறீர்கள். உள்ளே என்ன கொதித்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை. பல இடங்களில் பரவாயில்லை, அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். ஜூன் 5-ஆம் தேதிக் குறிப்பை அப்படி விட முடியாது. முந்தின நாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்திருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒற்றைச் செருப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். வார் அறுந்தது. குதிகால் பக்கம் தேய்ந்தது. அதன் கீழே ரோமர் 8:28: "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." அந்தச் செருப்புக்காரரைப் பெற்றவள் இதைப் படித்தால் உங்களை என்ன சொல்வாள்? பவுல் அதைப் பாடுகளின் நடுவில் இருந்தவர்களுக்கு எழுதினார், பிறர் துன்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு அல்ல. இரண்டு வசனம் முன்னால் அதே அதிகாரத்தில் "வாக்குக்கடங்காத பெருமூச்சு" என்று இருக்கிறது. அதை எடுத்திருக்கலாம். ஒன்றும் எடுக்காமல் செருப்பை மட்டும் விட்டிருந்தால் இன்னும் நல்லது.

கடவுளை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தோழிகளும் ஐயரவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள், உப்புப் பார்க்கிறார்கள். ஒரு கட்சிக்குக் கூடிவிட்டது, இன்னொரு கட்சிக்குப் பற்றவில்லை. எம்மாவுக்குப் போன இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கணக்கைத் தொடங்கிய அதே ஈஸ்டர் நாளில் நடந்த பயணம் அது. வழி நெடுக உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடந்து, மோசே முதற்கொண்டு தீர்க்கதரிசிகள் எல்லோரையும் விளக்கிக்கொண்டு வருகிறார். வசனத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும்போயிற்று" என்று வருந்தி அழைக்கிறார்கள். (விருந்தாளி செருப்பை மாட்டும்போது எங்கள் அம்மா சொல்லும் வாக்கியம் இது. பாதி விளையாட்டு, பாதி நிஜம். சொல்லிவிட்டு உலையில் அரிசியைக் கூடப் போடுவார்.) வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, அப்பத்தைப் பிட்ட பிறகுதான் அவர்கள் கண் திறக்கிறது.

ஆனால் என் உண்மையான கோபம் வசனத்தின் மேல் அல்ல. உங்கள் 21-ஆம் படத்துக்கு வருகிறேன். மே 10, சனிக்கிழமை, கோயில் தாழ்வாரம். வயதான ஓர் அம்மாள் பலகையில் உட்கார்ந்து, ஆராதனைக்கு வைக்கும் பித்தளைப் பூக்குடுவையைப் புளி போட்டுத் துலக்குகிறார். விரல் நுனி எல்லாம் கறுத்திருக்கிறது. துலக்கிய பாதி பளபளக்கிறது, மற்ற பாதி பச்சை பிடித்துக் கிடக்கிறது. பளபளக்கிற பாதியில், நீளமாக இழுபட்டு, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நீங்களே தெரிகிறீர்கள். அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 50-இல் இதுதான் படம்.

அதன் கீழே நீங்கள் எழுதியிருப்பது: "ஓர் ஏழைத் தாயின் காணிக்கை. இரண்டு காசு போட்ட விதவையைப்போல..."

ஏழை என்று யார் சொன்னார்? அவருக்கு லிங்கராஜபுரத்திலேயே வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகள் இருக்கலாம். விதவை என்று எப்படித் தெரியும்? கணவர் வெளியே ஆட்டோவில் காத்திருந்திருக்கலாம். கேட்டீர்களா? உங்கள் படங்களில் மனித முகம் தெரிவது 31. மறுபடியும் உட்கார்ந்து எண்ணினேன். அவர்களில் பெயர் இருப்பது உங்கள் அக்கா மகனுக்கு மட்டும். "ஒரு முதியவர்", "ஒரு சிறுமி", "ஒரு மீனவர்", "ஒரு ஏழைத் தாய்". கர்த்தருடைய நாமம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அவர் உண்டாக்கின மனுஷருக்கு அவரவர் பெயர்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். "மரியாளே" என்று ஒரு சொல் கேட்ட பிறகுதான் திரும்பினாள். அன்றைக்கு அவர் அவளுக்கு வசனம் ஒன்றும் சொல்லவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1984 மே மாதம். எனக்கு 11 வயது. அப்பாவுக்கு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்தவரிடமிருந்து ஒரு கிளிக் 3 கேமராவை இரவல் வாங்கி வந்தார். ரோலுக்கு 12 படம். கோடை முழுவதற்கும் அந்த 12-தான். ஒவ்வொன்றுக்கும் எங்களைக் கண் கூச வெயிலில் நிற்கவைத்து, முன்னே போய், பின்னே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவார். நாசரேத் பக்கம் தாத்தா வீட்டிலேயே 12-உம் முடிந்துவிட்டது. முடிந்த ரோலைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பைப் பெருமையோடு நான் கேட்டு வாங்கினேன். திருநெல்வேலி குறுக்குத்துறையில், கால்சட்டைப் பையில் ரோலோடு, ஆற்றில் குதித்தேன். எழுந்தபோது பை காலியாக இருந்தது. அப்பா கரையில் நின்று தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன்.

ஆக அந்தக் கோடைக்குப் படம் இல்லை. ஆனால் அம்மாவிடம் நோட்டு இருந்தது. முன்பக்கம் பால் கணக்கு: தேதி, அரை லிட்டர், வராத நாளுக்கு ஒரு சுழி. தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கம் பெயர்கள். ஒசூர் தாண்டியதும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தவர். நாமக்கல் பக்கம் டயர் பஞ்சராகி நடு ராத்திரியில் நின்றபோது, கைக்குழந்தையாக இருந்த என் தங்கைக்கு அடுப்பை மறுபடி மூட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்த டீக்கடைக்காரர் மனைவி. பாளையங்கோட்டையில் எங்கள் கூஜாவைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் பின்னால் ஓடிவந்த பையன். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர். எங்கே போனாலும் அம்மா கேட்டுவிடுவார்: "உங்கள் பெயர் என்ன என்று சொல்லுங்கள், ஜெபத்தில் சொல்ல வேண்டும்." எனக்கு வெட்கமாக இருக்கும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

வெட்கம்கூடப் பரவாயில்லை, ராத்திரிதான் கொடுமை. குடும்ப ஜெபத்தில் அந்தப் பட்டியல் முழுவதையும் வாசிப்பார். கோடைக்குக் கோடை அது நீண்டுகொண்டே போனது. முழங்காலில் நின்றபடியே தூங்கி, கட்டிலில் முட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் முருகன் பெயரைத் தாங்கியவர்கள், சிலர் இஸ்லாமியர். அவர்கள் மனம் திரும்பவேண்டும் என்று ஜெபித்தாரா என்று கேட்காதீர்கள். "அந்த வெந்நீருக்காக ஸ்தோத்திரம்" என்பார். அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அந்தப் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஜெபத்துக்கென்று கேட்டு வாங்கியவை, அச்சில் போட அல்ல. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். படத்துக்குக் கீழே பெயரைப் போடச் சொல்லவில்லை. கேட்கச் சொல்கிறேன். கேட்டிருந்தால் "ஓர் ஏழைத் தாய்" என்று எழுதக் கை வந்திருக்காது.

டோனாவூரில் நீங்கள் எடுத்த 33-ஆம் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் இந்தியாவில் வேலை தொடங்க 1895-இல் வந்தது நம் பெங்களூருக்குத்தான். 1901-இல் டோனாவூரில் நிலைகொண்டு, 1951-இல் இறக்கும்வரை சொந்த நாடு திரும்பவில்லை. 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் படுக்கையில். அவரோடு எனக்குச் சில சண்டைகள் உண்டு, இன்னொரு நாள். அந்த 1984 கோடையில் அம்மா எங்களை அங்கே கூட்டிப்போனார். அம்மாவின் பெரியம்மா அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நான் ஏமியின் கல்லறையைத் தேடினேன். சிலுவை, பெயர், தேதி எல்லாம் செதுக்கிய பெரிய கல்லாக. அப்படி ஒன்றும் இல்லை. கல் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தாராம். மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்று, அதில் "அம்மா" என்ற ஒரே சொல். அத்தனை புத்தகம் எழுதியவருக்கு அவ்வளவுதான் எழுத்து.

நான் ஏமாந்து நின்றேன். அம்மா கூஜாவைத் திறந்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைத் தொட்டியில் ஊற்றினார். பிறகு இடத்தைக் காட்டிய தோட்டக்காரரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

உங்கள் படத்தில் அந்தத் தொட்டி காய்ந்து கிடக்கிறது. ஓரத்தில் ஒரு சருகு. தியாகத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்திருக்குமே, மே மாதம்தானே?

புத்தகம் இருக்கட்டும், அவசரம் இல்லை. வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கோயிலுக்குப் போய் அந்த அம்மாளைப் பாருங்கள். போகும்போது கால் கிலோ புளி வாங்கிக்கொள்ளுங்கள், பழம்புளியாகப் பார்த்து. கைப்பேசி பையிலேயே கிடக்கட்டும். குடுவையில் மறு பாதி இன்னும் துலக்காமல் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்